ஏன் மறுபடியும் ஆற்றங்கரைக்கே போகிறார்கள்?

அன்புள்ள ஐயா,

ஆப்பிரிக்க நாடான மலாவியின் தெற்கில் வரும் வெள்ளங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. 2015இல் பெருவெள்ளம், 2019இல் இடாய் புயல், 2022இல் ஆனா புயல், 2023இல் ஃப்ரெடி புயல். ஒவ்வொரு தடவையும் முகாமுக்குப் போகிறவர்கள், தண்ணீர் வடிந்ததும் அதே ஆற்றங்கரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். மேட்டுக்குக் குடிபோகச் சொல்லி அரசாங்கமும் பல வருடமாகக் கேட்கிறது. இது பிடிவாதமா, அறியாமையா? இவர்களுக்கு எப்படித்தான் உதவுவது?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

இரண்டும் இல்லை. அவர்களுக்குச் சாப்பாடு அந்தக் கரையில்தான் விளைகிறது.

மலாவி ஏரியிலிருந்து புறப்படும் ஷிரே ஆறு, ஜாம்பேசி ஆற்றில் சேருமுன் சிக்வாவா, நசாஞ்சே என்ற இரண்டு மாவட்டங்களின் தாழ்நிலத்தில் பரந்து ஓடுகிறது. நீங்கள் கேட்பது இந்த மக்களைப் பற்றித்தான். நவம்பர், டிசம்பரில் மழை பிடித்ததும் மக்காச்சோளம் விதைப்பார்கள். அறுவடை ஏப்ரல் வாக்கில். ஜனவரி பிறக்கும்போது பல வீடுகளில் குதிர் காலியாகியிருக்கும், வயலில் பயிர் பச்சையாகவே நிற்கும். அடுத்தவர் வயலில் கூலிக்குக் களையெடுத்துத்தான் அந்த மாதங்களைத் தள்ளுவார்கள். வெள்ளம் வருவதும் சரியாக அப்போதுதான். சொந்தப் பயிர் போகும், கூலி கொடுத்தவர் பயிரும் சேர்ந்தே போகும். பச்சைச் செங்கல்லில் கட்டிய மண்வீடு ஊறிச் சரியும்.

அப்புறம் தண்ணீர் வடிகிறது. படுகையில் ஈர வண்டல் தங்குகிறது. இறைக்காமலே அந்த ஈரத்தில் மக்காச்சோளமும் பீன்ஸும் சர்க்கரைவள்ளியும் வரும். டிம்பா சாகுபடி என்பார்கள். மழைக்காலப் பயிரை இழந்த குடும்பத்துக்கு அந்த வருடம் கையில் மிஞ்சுவது இது ஒன்றுதான். ஆகவே வெள்ளம் முடிந்த கையோடு கரைக்குத் திரும்புகிறவர், பிழைக்கிற வழி தெரிந்துதான் திரும்புகிறார்.

மேட்டுக்குப் போகலாமே என்றால், மேட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கு மழை குறைந்த பகுதி. மேட்டில் ஆழ்குழாய் போட்டாலும் பல இடங்களில் உப்புத்தண்ணீர். 2015 வெள்ளத்துக்கு அடுத்த வருடமே கடும் வறட்சி. ஃப்ரெடிக்கு அடுத்த வருடமும் அதே கதை: 2024 மார்ச்சில், நாட்டின் 28 மாவட்டங்களில் 23இல் வறட்சிக்காகப் பேரிடர் அறிவித்தார்கள். மானாவாரிப் பயிர் கருகும் வருடங்களில் கரைநிலத்தை விட்டால் வேறு போக்கில்லை. மேட்டு நிலமும் சும்மா கிடப்பதில்லை. ஒரு பக்கம் லெங்வே, மஜெட்டே போன்ற காப்புக்காடுகள், இன்னொரு பக்கம் ன்சாலோ என்ற ஊரின் பெரிய கரும்புத் தோட்டம். மீதியில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள்.

வீட்டை மேட்டில் கட்டிக்கொண்டு, கரையில் பயிர் வைக்கிற குடும்பங்களும் உண்டு. நடந்து போகிற தூரம் என்றால் இதுதான் சிறந்த ஏற்பாடு என்பது என் எண்ணம். தூரம் கூடினால், நீர்யானையிடமிருந்து பயிரைக் காக்க வயலிலேயே குடிசை போட்டுத் தூங்க வேண்டிவரும். அப்போது மேட்டில் வீடு இருந்தும் ஆபத்து குறையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃப்ரெடி மலாவியில் 600க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது, 500க்கு மேற்பட்டவர்களைக் காணவில்லை. மிக அதிகமான சாவு இந்தத் தாழ்நிலத்தில் நடக்கவில்லை. உயரத்தில் இருக்கிற பிளான்டயர் நகரின் மலைச்சரிவுகளில், மரம் வெட்டி மொட்டையான மண் சரிந்து வீடுகளை மூடியதால் நடந்தது. மலிவாக இடம் கிடைத்த சரிவில் வீடு கட்டிய ஏழைகள் அவர்கள். மேட்டுக்குப் போனால் தப்பிக்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எனக்கு உறுத்துவது இதனால்தான்.

உதவிக்கு வருகிறேன். தானியத்தையும் ஆட்டையும் பத்திரப்படுத்த அவகாசம் தரும்படி முன்னெச்சரிக்கை வர வேண்டும். ஆட்டை விட்டுவிட்டு ஓடு என்றால் யாரும் ஓடமாட்டார்கள், அது அவர்களின் சேமிப்பு. தங்குவதற்குப் பள்ளிக்கூடம் தவிர வேறு கட்டடம் வேண்டும். முகாம் நடக்கிறவரை பிள்ளைகளுக்குப் படிப்பு நின்றுபோகிறது. குடிநீரும் கழிப்பறையும் முதல் நாளே வேண்டும். 2022இல் தொடங்கிய காலரா 1,700க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, அந்த நாட்டின் வரலாற்றிலேயே மிக மோசமானது.

எல்லாவற்றிலும் நான் முக்கியமாக நினைப்பது விதை. வெள்ளத்தில் விதைத் தானியமும் போய்விடுகிறது. தண்ணீர் வடிகிற வாரங்களில் அது கைக்கு வந்தால் டிம்பா பயிர் உண்டு. மாதங்கள் கழித்து வந்தால் மண்ணில் ஈரம் இருக்காது. ஏதாவது நிவாரண அமைப்புக்குப் பணம் அனுப்புகிற எண்ணம் உங்களுக்கு இருந்தால், விதையை எந்த மாதம் கொடுக்கிறார்கள் என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.