கூட்டுக்குள் இருக்கும் குட்டிக்குத் தண்ணீர்

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியொன்றில் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். மூன்று மாத நாய்க்குட்டி, எடை நான்கு கிலோ. இருவரும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் ஐந்துக்குத்தான் திரும்புவோம். அதுவரை அவனைக் கம்பிக் கூட்டில் விட்டு, கடல் பக்கப் பல்கனியில் வைக்கிறோம். தண்ணீர்க் கிண்ணத்தை உடனேயே கவிழ்த்துவிடுகிறான். கூடு முழுக்க ஈரமும் மூத்திரமும். “பகலில் தண்ணீரே வைக்காதே, வந்து கொடுக்கலாம்” என்கிறார் கணவர். முயலுக்கு மாட்டும் தண்ணீர்ப் போத்தலை வாங்கட்டுமா?

பதில்: முதலில் அந்தக் கூட்டைப் பல்கனியிலிருந்து உள்ளே எடுங்கள், சகோதரி. மற்றதெல்லாம் பிறகு. கடல் பக்கம் என்றால் மேற்குப் பக்கம். மதியம் திரும்பியதும் வெயில் நேரே கூட்டில்தான் விழும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கொழும்பின் புழுக்கத்தில் அந்த ஈரம் லேசில் ஆவியாகாது. மூச்சிரைக்க மூச்சிரைக்க உடம்பிலுள்ள நீர்தான் குறையும். உடல் வெப்பம் 41 பாகை செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மாபிள் தரை, மின்விசிறி, நிழல்: கூட்டுக்கு ஏற்ற இடம் அதுதான்.

உங்கள் கணவர் சொல்வது பலரும் சொல்வதுதான். ஆனாலும் அது தவறு. வளர்ந்த நாய்க்கே கிலோவுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லிலீட்டர் தண்ணீர் நாளொன்றுக்கு வேண்டும். வளரும் குட்டிக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். கடையில் வாங்கும் உலர் உணவு கொடுக்கிறீர்களானால், அதிலிருந்து கிடைக்கும் ஈரம் மிகச் சொற்பம். பகல் முழுக்கத் தாகத்தில் கிடந்த குட்டி ஐந்து மணிக்கு மடமடவென்று குடித்து, சில வேளை வாந்தியெடுத்து, இரவெல்லாம் மூத்திரம் பெய்யும். அப்போது தூக்கம் கெடுவது உங்கள் இருவருக்கும்தான்.

முயல் போத்தல் வேண்டாம். நாய் குடிப்பதைக் கிட்ட இருந்து பாருங்கள்: நாக்கை அகப்பை போலப் பின்பக்கமாக வளைத்துத் தண்ணீரை மேலே இழுத்து வாயை மூடும். குழாய் நுனியிலுள்ள குண்டை நக்கி நக்கிச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பது அதற்குத் தோதான வேலையல்ல. போதாததற்கு அந்தக் குண்டு சிக்கிக்கொண்டால், போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தும் குட்டி தாகத்தில் கிடக்கும். கிண்ணம் கவிழும்போது உபரியாக ஒன்று மாட்டலாம், அவ்வளவே.

கூட்டின் கம்பியில் திருகாணியால் இறுக்கும் எவர்சில்வர் கிண்ணம் வாங்குங்கள். செல்லப்பிராணிக் கடையில் இருக்கும். கொக்கியில் வெறுமனே தொங்கும் வகையைக் குட்டி மூக்கால் தூக்கிக் கழற்றிவிடும். பிளாஸ்டிக்கைக் கடித்துத் தின்னும். கதவுக்குப் பக்கத்தில், அவன் நெஞ்சு உயரத்துக்கு மாட்டுங்கள். கால் வைத்துக் கிண்டுவது குறையும். வளர வளர உயர்த்துங்கள். பாதியளவு மட்டும் ஊற்றுங்கள். கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட்டே கூட்டில் விடுங்கள். திருகாணியில் மாட்டிக்கொண்டால் விபரீதம். கிண்ணத்தின் உட்பக்கத்தை விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். தினமும் தேய்த்துக் கழுவினால் அது போகும், நுளம்பு முட்டையும் தங்காது. டெங்குச் சோதனைக்கு வரும் சுகாதாரப் பரிசோதகருக்கும் பதில் சொல்லலாம்.

இனி மூத்திரம். அதற்குக் காரணம் தண்ணீரல்ல, நேரம். மூன்று மாதக் குட்டியால் பகலில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அடக்க முடியாது. நீங்கள் விடுவதோ ஒன்பது மணித்தியாலம். மதியம் ஒருவர் வந்து திறந்துவிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவோ, சமைக்க வருபவரோ, யாராயினும் சரி. அப்படி யாரும் இல்லையென்றால் பூட்டிய கூடே வேண்டாம். சமையலறை மூலையைத் தடுத்து, ஒரு பக்கம் திறந்த கூடும் தண்ணீரும், மறுபக்கம் பழைய பத்திரிகையும் போடுங்கள்.

இரவில் படுக்கப் போவதற்கு ஒன்றரை மணித்தியாலம் முன்பு கிண்ணத்தை எடுத்துவிடலாம். அறை குளிர்ச்சியாக இருந்தால் மட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஓயாமல் குடித்து, மணிக்கொரு தடவை கொஞ்சங்கொஞ்சமாகப் பெய்கிறானென்றால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். சுத்தமான போத்தலில் காலை மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள். சோர்ந்து கிடந்து, ஈறு பிசுபிசுவென்று ஒட்டினால் மூத்திரம் பிடிக்கவும் காத்திருக்க வேண்டாம், அப்போதே தூக்கிக்கொண்டு போங்கள்.