இந்த வயதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஒஸ்லோவில் வசிக்கிறேன். 1990இல், பத்தொன்பது வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்தவன். முதலில் வடக்கே மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை, பிறகு இங்கே. என் இளைய மகள் நான்கு ஆண்டுகளாக ஷி தாண்டல் பழகுகிறாள்; காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு பனிச்சரிவு மேடையில் சறுக்கி வந்து காற்றில் பாயும் விளையாட்டு. அவளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவதுதான் என் பங்கு. சென்ற குளிர்காலத்தில் அதே மேடையில் மூத்தவர்களுக்கான போட்டி ஒன்றைப் பார்த்தேன். எல்லாம் நரைத்த தலைகள். எழுபதைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். அன்றிலிருந்து எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. பிள்ளைகள் பழகும் மிகச் சிறிய மேடையில் தொடங்கலாம் என்று மகளின் பயிற்சியாளர் சொல்கிறார். மனைவி விசர் என்கிறார். வேலையிடத்தில் சிரிக்கிறார்கள்.

வயது வெறும் எண்தானே, ஐயா? ஜப்பானின் நொரியாகி கசாய் ஐம்பத்தொரு வயதிலும் உலகக் கோப்பையில் தாண்டவில்லையா? பிரிட்டனின் எடி எட்வர்ட்ஸ் எல்லோரும் சிரிக்கச் சிரிக்க ஒலிம்பிக்குக்குப் போகவில்லையா? இந்த வயதிலும் என்னால் முடியும் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் மனைவியிடம் காட்டுவேன்.

ம., ஒஸ்லோ

அன்புள்ள ம.,

ஒரு வரி கேட்டீர்கள், இவ்வளவு நீளமாக வந்துவிட்டது. மனைவியிடம் காட்டலாமா என்பதை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சில இடங்களில் நான் அவர் கட்சி.

முதலில் எடி எட்வர்ட்ஸை அனுப்பிவைத்துவிடுவோம். 1988இல் கால்கரி ஒலிம்பிக்குக்குப் போனபோது அந்தச் சுவர் பூசும் தொழிலாளிக்கு வயது 24. கடைசியாக வந்தார், உலகம் சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். இன்னொருவர் அப்படி வந்துவிடாதபடி பிறகு தகுதி விதியை இறுக்கினார்கள். அது இளைஞனின் துடுக்கு. ஐம்பதைத் தாண்டியவர் அதைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. மகள் பழகுவதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். இந்த விளையாட்டில் பெண்களை 2014 சோச்சி வரை ஒலிம்பிக்கில் சேர்க்கவே இல்லை. அதைப் பற்றி எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது, தனிக் கடிதம் போடுங்கள். நார்வேக்காரர்கள் உச்சரிப்பதைப் போலவே ‘ஷி’ என்று எழுதியிருப்பது பிடித்திருந்தது. எனக்கு ஸ்கி என்றுதான் கை வருகிறது.

இனி சண்டை. ‘வயது வெறும் எண்தானே’ என்கிறீர்கள். இவ்வளவு நன்றாகக் கடிதம் எழுதத் தெரிந்தவர் வாழ்த்து அட்டையிலிருந்து ஏன் வாக்கியம் கடன் வாங்க வேண்டும்? அதுவும் இந்த விளையாட்டுக்கு! ஸ்கி ஜம்பிங்கில் எண்ணைத் தவிர என்ன இருக்கிறது? எவ்வளவு நீளப் பலகை கட்டலாம் என்பதை உங்கள் உயரமும் எடையும் தீர்மானிக்கின்றன. பெரிய மேடையில் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 புள்ளி. ஐந்து நடுவர்கள் ஆளுக்கு இருபது வரை போடுவார்கள், அவற்றில் மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் கழிந்துவிடும். எதிர்க்காற்று தூக்கிவிட்டால் புள்ளியைக் கழிப்பார்கள், பின்காற்று அமுக்கினால் கூட்டுவார்கள். புறப்படும் இடத்தை மேலும் கீழும் மாற்றினால் அதற்கும் ஒரு கணக்கு. காற்றுக்கு ஈடு உண்டு, வயதுக்குக் கால் புள்ளி ஈடு கிடையாது. வயது வெறும் எண் என்றால் அது இவர்கள் கணக்கில் சேர்க்க மறுத்த ஒரே எண்.

ஆனால் என்னை உண்மையில் உறுத்தியது வேறு. உங்கள் கடிதத்தில் ‘வயதிலும்’ இரண்டு முறை வருகிறது. கசாய்க்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. அந்த ‘உம்’மைப் பற்றித்தான் பல மாதங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அதில் வந்து விழுந்தது.

‘இந்த வயதில் இது தேவையா’ என்று ஒருவர் வைதால் திருப்பி வையலாம். காதில் வாங்காமல் போகலாம். ‘இந்த வயதிலும் எப்படிச் செய்கிறார் பாருங்கள்’ என்று பாராட்டுகிறவரை என்ன செய்வது? இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான்: இது உன் இடம் இல்லை. முதல் ஆள் விரட்டுகிறார், இரண்டாம் ஆள் மாலை போட்டு ஓரமாக உட்கார வைக்கிறார். உயர்வு சிறப்பும்மை, இழிவு சிறப்பும்மை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்த ‘உம்’ இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறது. ‘கறுப்பாக இருந்தாலும் களையான முகம்’ என்கிறவர்களின் ‘உம்’ இது.

என் பெரியப்பா கிணற்றில் குதிப்பார். வயலுக்கு நடுவே இருந்த பெரிய பாசனக் கிணறு. கோடையில் தண்ணீர் மூன்று ஆள் ஆழத்துக்குக் கீழே போய்விடும். அவர் வேட்டியை அவிழ்த்து மடித்துக் கல்லின் மேல் வைத்து, அதன் மேல் மூக்குப்பொடி டப்பாவை வைத்து, கோவணத்தோடு விளிம்பில் நிற்பார். கையைத் தூக்குவது, மூச்சை இழுப்பது போன்ற சடங்குகள் ஒன்றும் கிடையாது. பேச்சை நடுவில் நிறுத்திவிட்டுப் போவதைப் போலப் போய்விடுவார். மேலே ஏறி வந்ததும் சுடுகல்லில் ஒற்றைக் காலில் குதித்துக் காதுக்குள் போன தண்ணீரைத் தட்டி எடுப்பார். பெரியம்மா பதினைந்து வருடம் வைதாள். பேரன் பிறந்த பிறகு இந்த வயதில் என்ன குதிப்பு என்று சம்பந்தி வீட்டார் முன்னாலேயே கேட்டாள். அவர் மறுநாள் காலையிலும் போய்க் குதித்தார்.

ஒரு பொங்கலுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தோம். அவர் வழக்கம்போலக் குளிக்க வந்தார், குதித்தார். கிணற்றைச் சுற்றி நின்ற இருபது பேர் கைதட்டினோம். ‘அறுபது வயதிலும் பாருங்கடா’ என்று ஒரு சித்தப்பா கத்தினார். பெரியப்பா படியில் ஏறி வந்து எங்களை ஒருமுறை பார்த்தார். காதைத் தட்டவில்லை. “குளிக்கத்தானே வந்தேன்” என்றார். அதற்குப் பிறகு அவர் குதித்து நான் பார்க்கவில்லை. மோட்டார் அறையில் வாளி வைத்துக் குளித்தார். அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

சரி, கசாய். 1972 ஜூனில் ஹொக்கைடோவின் ஷிமோகாவாவில் பிறந்தவர். அதற்கு நான்கு மாதம் முன்புதான் சப்போரோ ஒலிம்பிக்கின் 70 மீட்டர் மேடையில் மூன்று பதக்கங்களையும் ஜப்பானியர்களே அள்ளியிருந்தார்கள். பதினாறு வயதில் உலகக் கோப்பைக்குள் வந்தார். பத்தொன்பதில், இன்னும் பெரிய மேடைகளில் தாண்டும் ஸ்கி ஃபிளையிங்கில் உலகச் சாம்பியன். 1994 லில்லஹாமரில் அணிக்கு வெள்ளி. 1998 நாகானோ சொந்த நாட்டு ஒலிம்பிக். ஜப்பான் அணி தங்கம் வென்றது, அந்த நால்வரில் இவர் இல்லை. மொத்தம் எட்டு ஒலிம்பிக். நடுவில் நீண்ட வறட்சி. சோச்சியில், 41 வயதில், பெரிய மேடையில் தனிநபர் வெள்ளி. அந்தப் போட்டியை நான் பல முறை பார்த்திருக்கிறேன். கசாய் 139 மீட்டரும் 133.5 மீட்டரும் தாண்டினார். போலந்தின் காமில் ஸ்டோக் 139, 132.5. கூட்டிப் பாருங்கள், கசாய்தான் ஒரு மீட்டர் அதிகம். ஆனால் பாணிக்கான மதிப்பெண்ணும் காற்றுக் கணக்கும் சேர்ந்தபோது ஸ்டோக் 278.7, கசாய் 277.4. தங்கம் 1.3 புள்ளியில் போயிற்று. உலகமே ‘நாற்பத்தொரு வயதிலும்’ என்று உருகியது. அவர் ஒரு மீட்டர் அதிகம் தாண்டியும் தோற்றவர் என்பதைச் சொன்னவர்கள் குறைவு. தோல்வி என்ற மரியாதையைக்கூட அந்த ‘உம்’ அவருக்கு விட்டுவைக்கவில்லை.

நீங்கள் குறிப்பிட்ட ஐம்பத்தொன்று 2024 பிப்ரவரியில் நடந்தது, சப்போரோவின் ஒகுராயாமா மேடையில். அதற்கு முன் சில ஆண்டுகளாக அவர் உலகக் கோப்பை அணியில் இல்லை, பெய்ஜிங் ஒலிம்பிக்கும் கைநழுவியது. உள்நாட்டுப் போட்டிகளில் தாண்டிக்கொண்டே இருந்தார். உலகக் கோப்பையில் ஐம்பது பேர் முதல் சுற்றில் தாண்டுவார்கள், முப்பது பேர் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள், முப்பதாவது ஆளுக்கு ஒரே ஒரு புள்ளி. கசாய் முப்பதாவது வந்தார். என்னைக் கேட்டால் சோச்சி வெள்ளியைவிட அந்த ஒரு புள்ளி பெரிது. வெள்ளி வாங்கிய கிழவரை எவரும் மன்னித்துவிடுவார்கள். தன் மகன் வயதுப் பையன்களோடு அதே புறப்படும் கட்டையில் உட்கார்ந்து முப்பதாவது வருவதற்கு வேறு நெஞ்சு வேண்டும். புள்ளிப் பட்டியலில் அவர் பெயர், எண் 1. அங்கே ‘உம்’ போட இடமில்லை.

அதே ஒகுராயாமாவுக்கு நான் போயிருக்கிறேன். கோடை. மேடையின் சரிவில் பனிக்குப் பதில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி லிஃப்டில் மேலே போய்க் கீழே பார்த்தால், நேர் எதிரே ஓடோரி பூங்காவும் சப்போரோ நகரமும். தாண்டுகிறவன் ஊருக்குள்ளேயே விழப்போகிறான் என்று தோன்றும். அடிவாரத்தில் ஒலிம்பிக் அருங்காட்சியகம், அதில் தாண்டிப் பார்க்க ஒரு பாவனை இயந்திரம். திரையில் பாதை பாய்ந்து வரும், விளிம்பு வந்ததும் முழங்காலை நிமிர்த்த வேண்டும். அவ்வளவுதான். எனக்கு முன்னால் நின்ற பள்ளிச் சிறுமி ஏப்பம் விடுவதைப் போல எளிதாக நிமிர்ந்தாள். நான் நிமிர்ந்தபோது திரையில் விளிம்பு போய் வெகு நேரமாகியிருந்தது. என் தூரத்தை இங்கே சொல்வதாக இல்லை.

உண்மை மேடையில் அந்த நிமிர்வுக்கு ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. கையில் ஊன்றுகோல் கிடையாது, மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வேகம், விளிம்பு மேல்நோக்கி இருக்கும் என்று நினைப்போம், அது கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். அந்தக் கண நேர உதைக்கான வலுதான் வயதில் முதலில் குறைகிறது. எப்போது உதைப்பது என்பதும், பலகைகளை விரித்துக் காற்றின் மேல் எப்படிப் படுப்பது என்பதும் குறைய வேண்டியதில்லை. கசாய் குறைந்ததை வைத்தும் குறையாததை வைத்தும் கணக்குப் போட்டு ஓட்டியவர். அந்தக் காற்றைச் சிறுவனாக இருந்தபோதிருந்தே படித்தவர் அவர். நீங்கள் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆகவே அவரையும் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுங்கள். அவரிடமிருந்து உங்களுக்குக் கடன் வாங்க ஒன்றும் இல்லை.

வேண்டுமானால் ஆண்டர்ஸ் ஹாகனை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நார்வேக்கு வந்ததைப் போல அவர் நார்வேயை விட்டு அமெரிக்கா போனவர். 1924இல் ஷாமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில், 35 வயதில், அமெரிக்காவுக்காகத் தாண்டி நான்காவது வந்தார். வெண்கலம் நார்வேயின் தோர்லெய்ஃப் ஹாகுக்கு. ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பழைய புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோது கணக்குத் தப்பு, வெண்கலம் ஹாகனுக்குரியது என்று தெரிந்தது. ஹாக் அப்போது உயிருடன் இல்லை. 1974இல் உங்கள் ஒஸ்லோவுக்கே ஹாகனை அழைத்து, ஹாகின் மகள் தன் அப்பாவின் பதக்கத்தை அவர் கையில் கொடுத்தார். ஹாகன் அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார். படங்களில் பார்த்தால் எல்லோரும் ஒரு முதியவரைக் கொண்டாடுவதாகத் தெரியும். அவர்கள் தீர்த்தது முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரின் பாக்கி.

நீங்கள் கேட்டதை மறந்தே போனேன். தாண்டலாமா? மருத்துவரிடம் முழங்காலையும் இதயத்தையும் காட்டிவிட்டு, பயிற்சியாளர் சொன்ன அந்தக் குழந்தை மேடையில், குழந்தைகளுக்குச் சொல்லும் அதே வரிசையில் பழகுங்கள். மகள் திருத்தினால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். இதில் மனைவி சொல்வதை விசர் என்று தள்ளாதீர்கள்; விழுந்தால் சூப் வைத்துக் கொடுக்க வேண்டியவர் அவர். பிறகு, முடிந்தால், அந்த மூத்தவர்கள் போட்டிக்குப் போங்கள். அங்கே வயதுவாரியாகப் பிரித்துத்தான் தாண்டுகிறார்கள். சுற்றி நிற்கிற எல்லோருக்கும் உங்கள் வயது. யாரும் யாரையும் பார்த்து ‘இந்த வயதிலும்’ என்று சொல்ல வாய்ப்பில்லை. முழங்கால் வலியைப் பற்றியும் பலகைக்குப் பூசும் மெழுகைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். தோற்றால் தோற்றதாகவே எழுதுவார்கள். என் பெரியப்பாவுக்கு அப்படி ஒரு கிணறு கிடைக்கவில்லை.

நீங்கள் கேட்ட வரியை நான் எழுத மாட்டேன். முதல் முறை தாண்டியதும் எழுதுங்கள். வேலையிடத்தில் என்ன சொன்னார்கள், யார் கைதட்டினார்கள் என்பதெல்லாம் வேண்டாம். ஓலாஃப் ரீ என்ற ராணுவ அதிகாரி இருநூறு ஆண்டுகளுக்கு முன் உங்கள் நாட்டில் தாண்டியதாகப் பதிவாகியிருக்கும் தூரம் 9.5 மீட்டர். உங்களுடையது எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள். நான்கு மீட்டர் என்றால் நான்கு மீட்டர்.