300 பேர், ஒரே டைனிங் ஹால்: நான் எங்கே போய் ஒளிவது?

வணக்கம் மேடம்,

எனக்கு 19 வயது. முதலாமாண்டு படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட 40,000 மாணவர்கள், ஆனால் நான் இருப்பது அதற்குள்ளேயே இருக்கிற ஒரு சின்ன உறைவிடக் கல்லூரி. மொத்தமே 300 பேர். தங்குவது, சாப்பிடுவது, முதல் இரண்டு வருட செமினார் வகுப்புகள் எல்லாம் ஒரே கட்டடம். ஒரு செமினாருக்கு 12 பேர். ஆசிரியர்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு எங்கள் கட்டடத்திலேயே குடியிருக்கிறார்கள், இரவில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

இதை நான்தான் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தேன். 200 பேர் உட்காரும் ஹாலில் பின் வரிசையில் தூங்கி வழியப் பயந்துதான் இங்கே வந்தேன். முதல் செமஸ்டர் சொர்க்கம். வகுப்பில் ஆரம்பித்த வாக்குவாதம் சாப்பாட்டு மேஜையில் தொடரும், அப்புறம் மாடிப்படியில், அப்புறம் யாராவது ஒருவர் அறையில் இரவு 2 மணி வரைக்கும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செமினாரில் என் தோழி தன் கட்டுரையை வாசித்தாள். என் அறைக்கு அடுத்த அறை அவளுடையது, இங்கே எனக்குக் கிடைத்த முதல் ஆள். கருத்துச் சொல்லச் சொன்னார்கள். "இதில் சொந்தமாக ஒரு வரிகூட இல்லையே" என்று சொல்லிவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் அறையில் அப்படித்தான் பேசிக்கொள்வோம், அந்த வேகத்தில் வந்துவிட்டது. அவள் தாளை மடித்து வைத்துவிட்டுக் கடைசி வரை நிமிரவே இல்லை.

அன்று இரவு நான் எப்போதும் உட்காரும் மேஜைக்குப் போனேன். பேச்சு நின்றது. யாரும் எழுந்து போகவில்லை, எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து கூட்டம் வருவதற்கு முன்பே போய்ச் சாப்பிட்டுவிடுகிறேன், சில நாள் சாப்பிடாமலே இருந்துவிடுகிறேன். துணி துவைக்கக்கூட நடுராத்திரியில் போகிறேன். செமினாரில் வாயைத் திறப்பதில்லை. போன வாரம் ஆசிரியர் வராந்தாவில் நிறுத்தி "எல்லாம் சரிதானே?" என்று கேட்டார். அவருக்குமா தெரிந்துவிட்டது என்று அறைக்கு வந்து அழுதேன்.

அடுத்த வருடம் பொது விடுதிக்கு மாற விண்ணப்பிக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. அங்கே யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள் என்கிறார்கள். இப்போது எனக்கு அது ஒன்றுதான் வேண்டும் போல இருக்கிறது. போய்விடலாமா? போனால் ஓடிப்போனதாக ஆகிவிடுமா?

பெயர் வேண்டாம், ப்ளீஸ்.

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மேஜையில் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள், ஆசிரியருக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதெல்லாம் இருக்கிறது. அந்தத் தோழி இந்த மூன்று வாரத்தில் உங்களிடம் என்ன சொன்னாள், நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று மட்டும் ஒரு வரி இல்லை. நீங்கள் இருவரும் இன்னும் பேசவே இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அடுத்த அறையில் இருந்துகொண்டு!

சின்னக் கல்லூரியில் இது அடிக்கடி நடக்கும். ஒருத்தியோடு வந்த சண்டை, 300 பேரோடும் வந்த சண்டை மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். அவளைத் தவிர்க்க வேண்டுமென்றால் மேஜையைத் தவிர்க்க வேண்டும், மேஜையைத் தவிர்த்தால் பத்துப் பேரைத் தவிர்க்க வேண்டும், அந்தப் பத்துப் பேர்தான் வகுப்பிலும் இருக்கிறார்கள், மாடிப்படியிலும் இருக்கிறார்கள். ஊரே ஒதுக்கிவிட்டதாக உங்களுக்குத் தோன்றுகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஒதுங்கிப் போவது பெரும்பாலும் நீங்கள்தான். அந்த மேஜையில் பேச்சு நின்றது ஒரே ஒரு இரவு. மறுநாள் நிற்குமா நிற்காதா என்று பார்க்க நீங்கள் அங்கே போகவே இல்லையே.

யாரும் கவனிக்கவில்லை என்று பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டேன். 2000-இல் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளக் கூச்சப்படும்படியான ஒரு டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது பார்த்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர். உங்கள் செமினாரில் கால்வாசி என்றால் மூன்று பேர். 12 பேர் வகுப்பு, அதுவும் சேர்ந்து வாழ்கிறவர்கள், ஆகவே ஆறேழு பேரே கவனித்ததாக வைத்துக்கொள்வோம். கவனித்ததில் பாதி உங்களைப் பற்றி, பாதி "நல்லவேளை, என் கட்டுரை இன்னும் வாசிக்கப்படவில்லை" என்று அவரவரைப் பற்றி. முதலாமாண்டில் எல்லோருக்கும் தன் கட்டுரையைப் பற்றிய பயம்தான் பெரிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018-இல் ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பர் ஆவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நெருங்கிய நண்பர் ஆவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல். வெளியே இருக்கிற மாணவர்களுக்கு அது ஒரு வருடம்கூட இழுக்கலாம். உங்களுக்கு? சாப்பாடு, வகுப்பு, இரவுப் பேச்சு என்று ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டால்கூட 70 நாளில் முடிந்துவிடும். அதாவது ஒரு சண்டைகூடப் போடாமலேயே நீங்கள் இருவரும் நெருங்கிய தோழிகள் ஆகிவிட்டீர்கள். எதைச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது, கோபம் வந்தால் அவள் கத்துவாளா, கதவைச் சாத்திக்கொள்வாளா, எத்தனை நாளில் ஆறும், எதுவுமே தெரியாது. இதுதான் முதல் சண்டை. அது 12 பேர் முன்னால் நடந்தது துரதிர்ஷ்டம்.

அறையில் பேசுவது போலத்தான் பேசினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் செமினார் என்பது உங்கள் அறை இல்லையே. அங்கே மதிப்பெண் போடுகிற ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவரேதான் இரவில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் போகிறார். வீடும் வகுப்பும் ஒன்றாகக் கலந்த இடத்தில் எந்தப் பேச்சை எந்த வாசலில் கழற்றி வைப்பது என்று நாமேதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, யாரும் அதற்கு வகுப்பு எடுப்பதில்லை. இத்தனைக்கும் இந்த ஏற்பாடு பழையது. ஆக்ஸ்ஃபோர்டில் மெர்ட்டன் கல்லூரி 1264-இல் தொடங்கியது. ஹார்வர்டும் யேலும் மாணவர் எண்ணிக்கை பெருகிப்போய் 1930-களில் எட்வர்ட் ஹார்க்னஸ் என்பவர் கொடுத்த நன்கொடையில் இதே மாதிரி சின்னச் சின்ன இல்லங்களைக் கட்டின. கூட்டத்தில் மாணவர் தொலைந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம், அது நிறைவேறுகிறது. கொஞ்ச நேரம் தொலைந்து போக விரும்புகிற மாணவரைப் பற்றி அவ்வளவாக யோசித்ததாகத் தெரியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அவள் கதவைத் தட்டுங்கள். மெசேஜ் வேண்டாம், டைனிங் ஹால் வேண்டவே வேண்டாம். மன்னிப்பு எதற்கு என்று தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை நன்றாக இருந்தது என்று இப்போது மாற்றிச் சொன்னால் அவள் நம்பமாட்டாள், உங்கள் மேல் இருக்கிற மதிப்பும் போகும். "எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னது தப்பு, அதைவிட மூன்று வாரம் உன்னிடம் வராமல் இருந்தது பெரிய தப்பு" என்று சொன்னால் போதும். அதற்குமேல் விளக்காதீர்கள். உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அழுது தீர்த்தால் கடைசியில் அவள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். அவள் "பரவாயில்லை" என்று சொல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் மாடிப்படியில் பார்த்தால் தலையசைக்கிற அளவு மரியாதை மிஞ்சும், ஒரே கூரையின் கீழ் வாழ அதுவே நிறைய.

சாப்பாட்டுக்கு வழக்கமான நேரத்தில் போங்கள். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் மூன்று நாள். அதே மேஜை என்றில்லை, நீங்கள் இதுவரை பேசியே இராத யாராவது ஒருவர் இருக்கிற மேஜையாக இருக்கட்டும். 300 பேரில் உங்களுக்கு நிஜமாகத் தெரிந்தது எத்தனை பேர், முப்பது?

ஆசிரியர் கேட்டதற்குக் காரணம் வதந்தி என்று ஏன் முடிவு செய்தீர்கள்? நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாணவி மூன்று வாரமாக வாயே திறக்கவில்லை என்றால் 12 பேர் வகுப்பில் எந்த ஆசிரியருக்கும் தெரியும். பகலில், அவருடைய அலுவலக நேரத்தில் போய், செமினாரில் மறுபடி பேசத் தயக்கமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். மனசில் இருக்கிற எல்லாவற்றையும் அவரிடம் கொட்ட வேண்டியதில்லை, நாளைக்கு அவரே உங்களுக்கு மதிப்பெண் போட வேண்டியவர். அதற்குப் பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையம் இருந்தால், அது உங்கள் கட்டடத்துக்கு வெளியே இருந்தால், அங்கே போங்கள். சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேலாகக் கெட்டிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

அந்த 40,000 பேரை மறந்துவிட்டீர்கள். உங்கள் வாசலுக்கு வெளியே அவ்வளவு பெரிய கூட்டம் இருக்கிறது, அதில் யாருக்கும் உங்களைத் தெரியாது. வாரத்தில் இரண்டு மாலை மத்திய நூலகத்தில் போய் உட்காருங்கள், ஏதாவது ஒரு குழுவில் சேருங்கள், யாரென்றே தெரியாத ஆளாக இருந்துவிட்டு வாருங்கள். யாரும் கவனிக்காத இடம் வேண்டும் என்றீர்களே, அது ஐந்து நிமிட நடையில் இருக்கிறது. அதற்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்றில்லை.

இனி விடுதி மாற்றம். ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நாளைக் காலையே அவள் சிரித்துப் பேசிவிட்டால், அப்போதும் போகத் தோன்றுமா? தோன்றாது என்றால் உங்களுக்கு வேண்டியது வேறு விடுதி இல்லை. தோன்றும் என்றால், எந்நேரமும் பத்துப் பேர் சூழ இருப்பது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம், சிலருக்கு அப்படித்தான், தாராளமாகப் போகலாம். அதை ஓடிப்போனதாக நான் எண்ணமாட்டேன். வெளியே தங்கிக்கொண்டே செமினாரில் தொடர முடியுமா என்று மட்டும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

விண்ணப்பத்தை வாங்கி இன்றைக்கே நிரப்புங்கள், கையெழுத்தும் போடுங்கள். கொடுப்பதை மட்டும் கடைசி நாள் வரை தள்ளிப்போடுங்கள். அதற்கு முன் ஏதாவது ஒரு மாலை, அடுத்த அறைக்கு.