மத்தளத்தின் சுருதி ஏன் இறங்கியது? இசை மென்பொருள் கேள்வி பதில்

வீட்டு அறையில் கணினியை வைத்து இசையமைப்பவர்கள் எங்கள் கிழக்கிலங்கைப் பக்கம் பெருகிவிட்டார்கள். வந்த கேள்விகளில் பல, பிளகின் (இசை மென்பொருளுக்குள் சேர்த்து இயக்கும் சிறு நிரல்) பழுது என்றே தொடங்குகின்றன. பாவம் பிளகின். பெரும்பாலான இடங்களில் அது குற்றவாளி இல்லை.

ஆரையம்பதி: அண்ணா, கைப்பதிவுக் கருவியில் எடுத்த கூத்துப் பாட்டைக் கணினியில் போட்டு, சிந்தசைசரில் சுருதி சேர்க்கப் பார்த்தேன். பாட்டு மந்தமாக ஓடுகிறது, சுருதியும் ஒட்டவில்லை. சிந்தசைசர் பிளகின் கோளாறா?

இல்லை தம்பி. உங்கள் கருவி ஒலி அலையை விநாடிக்கு 48,000 தடவை அளந்து, அதாவது 48,000 மாதிரிகள் வீதம், பதிந்திருக்கும். மென்பொருளில் வேலை 44,100 இல் நடக்கிறது. 48,000 என்று எண்ணிப் பதிந்ததை 44,100 என்று எண்ணி வாசித்தால் நான்கு நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 விநாடிக்கு நீளும். சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். ஒலியைத் தானே உருவாக்கும் சிந்தசைசரோ எந்த வீதம் கொடுத்தாலும் அந்த வீதத்துக்கே தன் அலையைக் கணக்கிட்டுக்கொள்ளும். அது சரியாக நிற்கும். அதனால்தான் சரியாக நிற்பவன் மீது பழி விழுகிறது.

எனக்கும் இது நடந்தது. ஒரு வடமோடிக் கூத்தின் மத்தளத்தைப் பதிந்து இப்படித்தான் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்குப் போட்டுக் காட்டினேன். அரை நிமிடம் கேட்டவர், "மழையில் நனைந்த மத்தளத்தை ஏன் பதிந்தாய்?" என்றார். அன்று மழையே இல்லை.

சோதனை எளிது. கருவியில் பாட்டின் நீளத்தைப் பாருங்கள், பிறகு மென்பொருளில் பாருங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.088 வந்தால் நோய் இதுதான். கோப்பின் வீதம் 48,000 என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டு, பிறகு 44,100 க்கு மாற்றச் சொல்லுங்கள். இந்த மாற்றத்தில் ஒவ்வொரு 160 மாதிரிகளுக்கும் பதிலாக 147 புதிய மாதிரிகள் பிறக்கின்றன. சிலவற்றைத் தூக்கி எறிவதால் இது நடக்காது. இடையில் அலை எங்கே இருந்திருக்கும் என்று கணக்கிட வேண்டும். ஆகவே தரமான முறையைத் தெரிவு செய்து, ஒரே ஒரு தடவை மாற்றுங்கள். சுருதி உயர்த்தும் கருவியால் சரிக்கட்டப் பார்க்க வேண்டாம். மத்தளத்தின் முதல் அடி அதில் கூழாகிவிடும்.

பாட்டு மட்டும் விலகினால் கோப்பைப் பாருங்கள். பாட்டும் சிந்தசைசரும் சேர்ந்தே விலகினால் ஒலி அட்டையின் வீதத்தைப் பாருங்கள்.

கல்முனை: பிளகினை நிறுவியாகிவிட்டது. பட்டியலில் மட்டும் வருவதில்லை.

அது பழைய 32 பிட் பிளகினாக இருக்கும், உங்கள் மென்பொருள் 64 பிட். அல்லது விஎஸ்டி2 (பிளகின்களின் பழைய வடிவம்; புதியது விஎஸ்டி3) கோப்பு வேறொரு கோப்புறையில் கிடக்கிறது. மென்பொருள் அங்கே தேடவில்லை. விண்டோசில் விஎஸ்டி3 க்குக் காமன் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் நிலையான இடம் உண்டு. இரண்டு வகையும் கிடைத்தால் விஎஸ்டி3 ஐயே எடுங்கள். விஎஸ்டியை உருவாக்கிய ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2018 இல், பிளகின் எழுதுவோருக்கான விஎஸ்டி2 கருவித்தொகுதியை நிறுத்திவிட்டது. பூட்டு உடைத்த பிளகின் என்றால் என்னிடம் கேட்க வேண்டாம். வைட்டல், சேர்ஜ் எக்ஸ்டி போன்ற சிந்தசைசர்கள் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் அது தேவையில்லாத தலையிடி.

காத்தான்குடி: உச்ச சுரங்களில் மட்டும் ஏதோ தகரம் உரசுவது போல் கேட்கிறது. ஈக்குவலைசரால் வெட்டியும் போகவில்லை.

போகாது. பியானோவின் கடைசிக் கட்டை 4,186 ஹெர்ட்ஸ். வாளின் பல் போன்ற வாள்பல் அலையில் சுரத்தின் மடங்குகள் எல்லாம் சேர்ந்தே ஒலிக்கும்; பத்தாவது மடங்கு 41,860. 44,100 வீதத்தில் அதன் பாதியான 22,050 க்கு மேல் எதற்கும் இடமில்லை. இடமில்லாதது மறைந்து போகாமல், மடிந்து (44,100 இல் 41,860 போக) 2,240 ஹெர்ட்ஸில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வாசித்த சுரத்துக்கும் கீழே, அதற்குச் சொந்தமில்லாத ஒரு சுரம்! சுரத்தை மெல்ல மேலே வளைத்துப் பாருங்கள். உள்ளே ஒன்று கீழே இறங்குவது கேட்டால் அதுதான் ஆள்.

நல்ல பிளகின்கள் இதைத் தாமே அடக்கும். அடக்காதவற்றில் ஓவர்சாம்பிளிங் (உள்ளே கூடிய வீதத்தில் கணக்கிடுவது) என்ற அமைப்பு இருந்தால் நான்கு மடங்கில் வையுங்கள். கணினி திணறினால் ஏற்றுமதி செய்யும்போது மட்டும் போதும். மடிந்த பிறகு வெட்டுவது, சோற்றில் உப்புக் கரைந்த பிறகு பொறுக்குவது போன்றது.

வாழைச்சேனை: கட்டையை அழுத்தினால் ஒலி தாமதமாக வருகிறது. தாமதத்தைக் குறைத்தால் படபடவென்று வெடிக்கிறது.

பஃபர், அதாவது கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் தொகுப்பு, 1024 மாதிரி என்றால் 23 மில்லிவிநாடி தாமதம், 256 என்றால் 6. வாசிக்கும்போது 256, கலவை செய்யும்போது 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள். மடிக்கணினி மின்சேமிப்பு நிலையில் கிடந்தாலும் வெடிக்கும். அதை முதலில் மாற்றுங்கள். ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ இயக்கி (டிரைவர்) இல்லாவிட்டால், பொது இயக்கியான ஏஎஸ்ஐஓ4ஆல் போட்டுப் பாருங்கள்.

ஏறாவூர்: புளூடூத் ஹெட்செட்டில் பாடிப் பதிந்தேன். தொலைபேசியில் பேசுவது போல் வந்தது.

தொலைபேசிதான் அது. மைக்கைத் திறந்ததும் பழைய ஹெட்செட்டுகள் 8,000 அல்லது 16,000 மாதிரிக்கு இறங்கிவிடும். கம்பியுள்ள மைக் வாங்குங்கள்.

திருக்கோவில்: உடுக்கைப் பதிந்து, ஒரு ஸ்தாயி இறக்கிப் பெரிய முழக்கமாக்கப் பார்க்கிறேன். போர்வைக்குள் அடிப்பது போல் மங்குகிறது.

44,100 இல் பதிந்ததில் 22,050 ஹெர்ட்ஸ் வரையே ஒலி உண்டு. ஒரு ஸ்தாயி இறக்கினால் அது 11,025 ஆகிவிடும்; அதற்கு மேல் வெறுமை. அடுத்த தடவை 96,000 இல் பதியுங்கள். மைக்குக்கு அந்த உயரம் எட்டுமானால் மேலே மிச்சம் இருக்கும். இப்போதைக்கு, இறக்கிய ஒலியோடு இறக்காத உடுக்கின் முதல் அடியை மெல்லியதாகச் சேர்த்துப் பாருங்கள். நான் இதைத்தான் செய்கிறேன். திருட்டு வேலைதான், ஆனால் காதுக்கு நன்றாக இருக்கிறது.

காரைதீவு: பண்ணிசைக்குச் சிந்தசைசரில் சுருதி பிடித்தால் காந்தாரம் கூர்மையாகக் கேட்கிறது. என் காதில் பிழையா?

காது சரி, தங்கச்சி. விசைப்பலகையின் காந்தாரம் 400 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு), 5/4 என்ற இயற்கை விகிதம் 386. அந்த 14 சென்ட்தான் உறுத்துகிறது. சுருதிகளின் விகிதங்களைக் கணக்கிட்டு 1947 இல் யாழ்நூலைத் தந்த விபுலாநந்த அடிகள் உங்கள் ஊர்க்காரர்தானே! சேர்ஜ் எக்ஸ்டியில் ஸ்கேலா கோப்பை ஏற்றலாம். அது விகிதங்களை வரிவரியாக எழுதிய சாதாரண எழுத்துக்கோப்பு. நீங்களே தட்டச்சுச் செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அது வழக்கமாக ஒரு கட்டைச் சுருதியிலிருந்து, அதாவது C இலிருந்து, எண்ணும். பாடுபவர் ஐந்து கட்டை (G) என்றால் எந்த விசைக்கு எந்தச் சுரம் என்று சொல்லும் விசை வரைபடக் கோப்பையும் சேர்த்து ஏற்றி ஷட்ஜத்தை அங்கே நகர்த்துங்கள். இல்லாவிட்டால் காந்தாரம் திருந்தி, வேறொரு சுரம் கெட்டுப்போய், மறுபடியும் பிளகினைத் திட்டிக்கொண்டு என்னிடம் வருவீர்கள்.