ஈ.கோலை குறைந்தால் ஆற்றுநீர் சுத்தமாகிவிட்டதா?

கேள்வி: 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி, கடற்கரைகளை மூடினார்கள். கழிவு கலந்ததைக் காட்டும் குடல் பாக்டீரியாவான ஈ.கோலையின் எண்ணிக்கை இறங்கினாலே அங்குள்ள உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் குளிக்கலாமா? ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) சோதனை எதற்கு?

பதில்: ஈ.கோலையை மட்டும் நம்பி இறங்காதீர்கள். வெயிலிலும் உப்புநீரிலும் அது சீக்கிரம் செத்துவிடும். நோரோ போன்ற குடல் வைரஸ்கள் அதைவிட அதிக நாள் தாங்கும். அதனால்தான் அந்த வைரஸ்களுக்கு அடையாளமாக, ஈ.கோலையைத் தாக்கும் வைரஸான கோலிஃபேஜையும் எண்ணுகிறார்கள். அது மனிதரைத் தொற்றாது. சோதனைச் செலவும் குறைவு.

மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில், வெளிச்சம் படாமல் கொண்டுபோக வேண்டும். 1 மி.லி. நீர், வளரும் பருவத்து ஈ.கோலை 1 மி.லி., 45 டிகிரியில் உருகிய மென் அகார் (கடற்பாசிக் கூழ்) 2.5 மி.லி. கலந்து தட்டில் ஊற்றி, 36 டிகிரியில் ஓரிரவு வையுங்கள். காலையில் மங்கலான பாக்டீரியாப் படலத்தில் ஊசிமுனை முதல் பட்டாணி அளவுவரை தெளிந்த வட்டங்கள் தெரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரு ஃபேஜில் தொடங்கியது.

வட்டமே இல்லையென்றால் உடனே "சுத்தம்" என்று எழுதிவிடாதீர்கள். அகார் சூடு மிகுந்து பாக்டீரியா செத்திருந்தால் படலமே இருக்காது. கால்சியம் சேர்க்க மறந்தால் பல ஃபேஜ்கள் ஒட்டாது. எஃப்-வகை என்னும் ஒருவகைக் கோலிஃபேஜ், பாக்டீரியாவின் மேலே நீளும் பாலின இழை (மரபணுவைப் பகிர உதவும் மெல்லிய நார்) வழியாகத்தான் நுழையும். 30 டிகிரிக்குக் கீழே வளர்த்தால் அந்த இழையே முளைக்காது. தெரிந்த ஃபேஜ் ஒன்றைத் தனித் தட்டில் போட்டு ஒப்பிடுவது கட்டாயம்.

கழிவு மனிதருடையதா, மாட்டினுடையதா என்று அறிய 2014இல் கண்டறியப்பட்ட கிராஸ்ஃபேஜை (மனிதக் குடல் பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்) பிசிஆரில், அதாவது மரபணுவைப் படியெடுத்துக் கண்டறியும் சோதனையில், தேடலாம். ஆனால் பிசிஆர் செத்த வைரஸையும் கணக்கில் சேர்த்துவிடும்.