போர்ஷனே முடியவில்லை, இதில் ஜியோஜீப்ரா வேறா?

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். ஜியோஜீப்ரா என்ற, வரைபடமும் வடிவியலும் கணினியில் வரைந்து காட்டும் மென்பொருளுக்கான பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து வகுப்பில் அதைப் போட்டுக் காட்டுகிறேன், பிள்ளைகளும் ஆசையாக உட்காருகிறார்கள். மற்ற கணித ஆசிரியர்களிடம் சொன்னால், "டிசம்பருக்குள் போர்ஷனை முடித்தால்தான் ரிவிஷன் டெஸ்ட் வைக்க முடியும், பாஸ் பர்சன்டேஜ் குறைந்தால் நீங்கள் வந்து பதில் சொல்வீர்களா?" என்று கேட்கிறார்கள். எப்படிப் பேசி இவர்களை மாற்றுவது?
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: டீச்சர், அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ரிசல்ட் வந்த மறுநாள் ஒவ்வொரு பாடத்துக்கும் தேர்ச்சி சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விசாரிக்கப்படுவது அந்தந்த ஆசிரியர்தான், அங்கே யாரும் "பிள்ளைகள் ஆசையாகப் படித்தார்களா" என்று கேட்பதில்லை. அதனால் பேசி மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு எந்தக் கணக்கில் பீரியட் வீணாகிறதோ, அந்த ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வரைபடம் 8 மதிப்பெண், செய்முறை வடிவியல் 8 மதிப்பெண். 100-ல் 16. மெல்லக் கற்கும் பிள்ளைகளைக் கரையேற்ற எல்லோரும் நம்பியிருப்பது இந்தப் பதினாறைத்தான், ஸ்பெஷல் கிளாஸில் திரும்பத் திரும்பப் போட வைப்பதும் இதைத்தான். அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

x² − 9x + 20 = 0 என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணை போட்டால் x = 4-க்கும் 0, x = 5-க்கும் 0. பிள்ளை என்ன செய்யும்? இரண்டு புள்ளியையும் ஸ்கேல் வைத்து x அச்சின் மேலேயே நேராக இணைத்துவிடும், வளைவுக்கு அடியில் ஒரு தட்டை விழும். என் வகுப்பில் வருஷா வருஷம் இதைச் சிவப்பு மையில் சுழித்து, போர்டில் கையால் வரைந்து காட்டி, மறுபடி அதே தட்டையைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒருநாள் ஜியோஜீப்ராவில் சமன்பாட்டை அடித்து, 4-க்கும் 5-க்கும் நடுவில் பெரிதாக்கிக் காட்டினேன். வளைவு அச்சுக்குக் கீழே லேசாக இறங்கி, 4.5-ல் −0.25-ஐத் தொட்டுவிட்டு ஏறுவது தெரிந்தது. "சார், கீழே போகுது!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் அதையே கிராஃப் தாளில் கையால் போட வைத்தேன், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள், பரீட்சையில் பென்சில்தானே.

தீர்வுகளின் தன்மைக்கும் இதே வழிதான். x² − 4x + c என்று அடித்து c-க்கு ஒரு ஸ்லைடர், அதாவது இழுத்தால் c-யின் மதிப்பு மாறும் பட்டை, வையுங்கள். c = 3 என்றால் வளைவு அச்சை இரண்டு இடத்தில் வெட்டும், 4 என்றால் ஓரிடத்தில் தொட்டு நிற்கும், 5 என்றால் தொடாமல் மேலே போய்விடும். "மெய், சமமற்றவை", "மெய், சமம்", "மெய்த் தீர்வு இல்லை" என்று மனப்பாடம் செய்யும் மூன்று வரியும் கண்முன்னே நகர்கிறது. உச்சிக்கோணம் கொடுத்து முக்கோணம் வரையச் சொல்லும் கணக்கில் உச்சிப் புள்ளியை வில்லின் மேல் இழுத்துக் காட்டுங்கள். கோணம் 40° என்றால் 40°-யாகவே நிற்கும், அந்த வட்டம் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

2001-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் முதுகலை ஆய்வுக்காக இதை ஆரம்பித்ததே பள்ளிக் கணிதம் கற்பிக்கத்தான், அதனால்தான் நம் பாடத்தோடு இவ்வளவு ஒட்டி வருகிறது. நம் பாடப்புத்தகத்திலேயே இணையச் செயல்பாடு என்று பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், நேரமில்லை என்று நாம்தான் புரட்டிவிடுகிறோம். வகுப்பறைக்கு இலவசம், ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

இன்னொன்று, கணினி தடுமாறினால் நாற்பது பிள்ளைகள் முன்னால் அசட்டுத்தனமாக நிற்க வேண்டுமே என்ற பயம் நிறைய சீனியர் ஆசிரியர்களுக்கு உண்டு, வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "நேரமில்லை" என்பார்கள். எனக்கும் இருந்தது. அதனால் முதல் தடவை நீங்களே உங்கள் ஃப்ரீ பீரியடில் அவர் வகுப்புக்குப் போய் மவுஸைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாடம் அவர் நடத்தட்டும். ஃபைலைத் தயாராகக் கொடுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், தலைமை ஆசிரியரிடம் "எல்லோரும் கட்டாயம் செய்ய வேண்டும்" என்று சர்க்குலர் கேட்காதீர்கள். இருக்கிற பதிவேடு போதாதென்று இதற்கும் ஒரு பதிவேடு வந்தால் கதை அன்றே முடிந்தது.

எல்லோரையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டாம், தட்டைக் கோட்டைத் திருத்தித் திருத்திச் சலித்துப்போன ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரிடம் போங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் இரண்டு வகுப்பு விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 4-க்கும் 5-க்கும் நடுவில் பிள்ளைகள் என்ன வரைந்திருக்கிறார்கள் என்று அவரோடு சேர்ந்து பாருங்கள். பார்த்ததை எனக்கும் எழுதுங்கள்.