சின்னப் பாய்மரக் கப்பலில் ஆர்க்டிக் போனால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? குளிரைத் தாங்க முடியுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாங்கலாம். குளிரெல்லாம் பெரிய விஷயமே இல்லை, படுத்தி எடுப்பது ஈரமும் தூக்கமும்தான்.

நான் மாலுமி கிடையாது, சமையல்காரன். நார்வேயில் ஒரு உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு கோடை முழுக்க ஸ்வால்பார்டு தீவுகளைச் சுற்றி ஓடும் ஒரு கப்பலில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போய்விட்டேன். இரண்டு பாய்மரம், நீளம் இருபது மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பயணிகள் 12 பேர், நாங்கள் 5 பேர். 12 என்பது ஏதோ ராசியான எண் இல்லை. அதற்கு மேல் ஒருவரை ஏற்றினாலும் சர்வதேச விதிப்படி அது ‘பயணிகள் கப்பல்’ ஆகிவிடும், அப்புறம் விதிகளும் செலவும் வேறு மாதிரி. அதனால்தான் இந்த மாதிரிச் சின்னக் கப்பல்கள் பலவற்றிலும் இதே கணக்கு.

ஸ்வால்பார்டு என்பது நார்வேயின் வடமுனைக்கும் வட துருவத்துக்கும் நடுவே கிட்டத்தட்டப் பாதி வழியில் இருக்கிறது. கிளம்புகிற ஊரான லாங்இயர்பியனே 78 டிகிரி வடக்கில். ஆனாலும் அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டத்தின் வால் மேற்குக் கரையைத் தொடுவதால் கோடையில் அந்தப் பக்கம் கடல் பனி மூடாமல் திறந்திருக்கும், ஜூலையில் வெளியே வெப்பநிலை 5 டிகிரி வாக்கில் இருக்கும். காற்று அடித்தால்தான் உறைக்கும். கம்பளி உள்ளாடை, மேலே காற்றுப் புகாத உடை, போதும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும், ஒருமுறை நனைந்தால் பயணம் முடியும்வரை காயாது. கப்பலில் துணி காயும் இடம் ஒன்றே ஒன்று, இஞ்சின் அறை. அங்கே கொக்கிக்கு அடிதடி. என் ரொட்டி மாவு உப்பி வருவதும் அதே அறையில்தான், 17 பேருடைய காலுறைகளுக்குக் கீழே. இதை அந்தக் கோடையில் நான் எந்தப் பயணியிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் எப்படிப் போகும் என்றால், நாள் என்பதே அங்கே கலங்கிப்போகும். ஏப்ரல் 20 வாக்கில் எழும் சூரியன் ஆகஸ்ட் 23 வாக்கில்தான் மறையும். இரவு ஒரு மணிக்கும் கண் கூசும். முதல் இரண்டு மூன்று நாள் எல்லோரும் குஷியாக டெக்கிலேயே கிடப்பார்கள், தூங்க மனசு வராது, நாலாம் நாள் ஒருவர் சூப்புக் கிண்ணத்தின் மேல் தலை கவிழ்ந்து தூங்குவதைப் பார்க்கலாம். படுக்கை என்பது ஒரு அலமாரித் தட்டு மாதிரி. கப்பல் சாயும்போது உருண்டு விழாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு துணியை இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும், கிட்டத்தட்டத் தூளிதான்.

ஃபியோர்டுக்குள், அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு போகும் கடல் கைக்குள், தண்ணீர் தட்டில் ஊற்றியது போல் இருக்கும். அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன். இரண்டாம் நாளே ஒரு பெரிய பானைப் பருப்பு சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு, பானையை இறுக்கும் கம்பியை மாட்டாமல் வெங்காயம் எடுக்கக் குனிந்தேன். கப்பல் வாய்முகம் தாண்டி வெளிக்கடலுக்கு வந்துவிட்டது எனக்குத் தெரியாது. அடுப்பு கப்பலோடு சாயாமல் தானே ஆடிச் சமன் செய்துகொள்ளும், அதன் மேல் இருக்கும் பானைக்கு அந்தப் புத்தி இல்லையே. முழு சூப்பும் தரையில். கால் தப்பியது அதிர்ஷ்டம். அன்றைக்கு எல்லோருக்கும் ரொட்டியும் சீஸும். கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு ஈரத் துணியைப் பிழிந்து மேசையில் விரித்து அதன் மேல் தன் கோப்பையை வைத்துக் காட்டிவிட்டுப் போனார். ஈரத் துணி மேல் வைத்த பாத்திரம் வழுக்காது. இதை யாரும் எழுதி வைப்பதில்லை.

தண்ணீர்தான் உண்மையான முதலாளி. தொட்டியில் இருப்பதை வைத்துப் பத்து நாள் ஓட்ட வேண்டும், சமைக்க, குடிக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று எங்கள் கணக்கு. பெரிய பாத்திரங்களை முதலில் கடல் தண்ணீரில் தேய்ப்பேன், இரண்டு நிமிஷத்தில் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. குளியல் நாலு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிஷம். எல்லோரும் நாறுவதால் யாரும் நாறுவதில்லை. குப்பையும் அப்படித்தான், கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் சாப்பாட்டு மிச்சத்தைக்கூடக் கடலில் கொட்டக் கூடாது, நாங்கள் ஓடியதோ முழுக்கக் கரையோரம். அதனால் முட்டை ஓட்டிலிருந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டித் திரும்பக் கொண்டுவருவோம். அந்தத் தீவுகளின் மண்ணில் காய்கறி விளையாது, கிட்டத்தட்ட எல்லாமே நார்வேயிலிருந்து வருவது, ஆகவே தோலைச் சீவும்போதே கை சிக்கனமாகும்.

இரவில் நங்கூரம் போட்டபின் காவல் உண்டு. பயணிகளும் ஆளுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். நங்கூரம் இழுபடுகிறதா, ஆழம் மாறுகிறதா, பனிக்கட்டி மிதந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருநாள் விடிகாலை மூன்று மணி, நல்ல வெயில், ஷேர் ஆட்டோ அளவில் ஒரு கட்டி மெதுவாக நங்கூரச் சங்கிலியை நோக்கி வந்தது. வெளியே தெரிவது பத்தில் ஒரு பங்குதான், மிச்சம் தண்ணீருக்குள். நீளக் கழியை எடுத்துக் கப்பலின் முன்முனையில் நின்று நானும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையும் தள்ளினோம், வண்டியைத் தள்ளுவது போல் இல்லை, ஒரு தெருவையே தள்ளுவது போல. ஐந்து நிமிஷம் அசையவில்லை, அப்புறம் மனசு மாறியது போல் தானாகத் திரும்பிப் போனது. அது போகும்போதுதான் சத்தம் கேட்டது, எண்ணெயில் கடுகு பொரிவது மாதிரி. பனியாற்றுக்குள் காலங்காலமாக அடைபட்டிருந்த காற்றுக் குமிழ்கள் உருகும்போது வெடிக்கும் சத்தம் அது.

ரேடார் இருக்கிறதே என்று கேட்கலாம். தண்ணீர் மட்டத்தோடு மிதக்கும் சின்னக் கட்டிகள் அதில் சரியாகத் தெரியாது, கண்தான் கதி. வரைபடமும் அப்படித்தான். பனியாறுகள் பின்வாங்கிப் புதிதாகத் திறந்த கடலில் பல இடங்களுக்கு ஆழக் கணக்கே கிடையாது, திரையில் கப்பல் பனிக்கட்டி மேல் ஏறி ஓடுவதாகக் காட்டும்.

கரடி? அந்தக் கோடையில் இரண்டு தடவை பார்த்தேன், இரண்டாம் தடவை வட்ட ஜன்னல் வழியாக, கையில் வெங்காயமும் கண்ணில் தண்ணீருமாக. கரையில் இறங்கினால் வழிகாட்டிகள் துப்பாக்கியும் வெளிச்சம் வெடிக்கும் கைத்துப்பாக்கியும் எடுத்துக்கொள்வார்கள், அவர்கள் மேடேறிப் பார்த்துக் கை காட்டாமல் யாரும் படகை விட்டு நகரக் கூடாது. 2025 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. கரடியிலிருந்து குறைந்தது 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நல்ல விதி, படம் எடுக்கப் போகிறவர்களுக்குப் பிடிக்காது.

நீ-ஓலெசுண்டில் இறங்கியது ஒரு வேடிக்கை. முன்பு நிலக்கரிச் சுரங்க ஊர், இப்போது ஆராய்ச்சி ஊர், இந்தியாவின் ஹிமாத்ரி நிலையமும் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது. அங்குள்ள ரேடியோ ஆன்டெனாக்களுக்குத் தொந்தரவு என்பதால் வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் அணைத்தாக வேண்டும். தேர்வு அறைக் கண்காணிப்பாளர் மாதிரி எங்கள் மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்தார்.

விளம்பரங்களில் இதை ‘எக்ஸ்பெடிஷன்’ என்பார்கள். எனக்கு அது கொஞ்சம் ஓவர். பாய் விரித்து ஓடியதைவிட டீசலில் ஓடிய நேரம்தான் அதிகம். எங்கள் கப்பலின் நீளமே இருந்த யோவா என்ற கப்பலில் 1903 முதல் 1906 வரை நார்வே துருவப் பயணி அமுண்ட்சனோடு ஆறு பேர் போய், கனடாவுக்கு வடக்கே அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் வடமேற்குப் பாதையைக் கடந்தார்கள், மூன்று குளிர்காலம். அதில் சமையல்காரர் அடால்ஃப் லிண்ட்ஸ்ட்ரோம். அதற்கு முன்பே நாலு வருஷம் ஃப்ராம் கப்பலில் ஆர்க்டிக்கில் சமைத்தவர், பிறகு அமுண்ட்சனின் தென் துருவப் பயணத்தின் முகாமிலும் அவர்தான் அடுப்படி. நான் ஒரு பானை சூப்பைக் கொட்டிய அன்று அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் லாங்இயர்பியனில் இறங்கி ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தேன். காபி வந்தது. எதிரே இருந்தவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷமாகக் கோப்பையை மேசையில் வைத்தபடியே பிடித்துக்கொண்டிருக்கிறேன், விட்டால் வழுக்கிவிடும் என்று.